ஸ்டெப்ஸ்: நந்தனத்துக்கு வந்த ஒரு விதியின் கதை

ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்குப் போகாதவர்கள் இந்தப் பக்கத்தின் வாசகர்களில் அதிகம் இருக்க மாட்டீர்கள். புத்தகக் காட்சி. இரண்டு கையிலும் பை, காலெல்லாம் புழுதி, "இந்த வருஷம் இவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு அரங்குக்குள் நுழைவது. எல்லாம் எனக்கும் உண்டு. ஆனால் இந்தக் கட்டுரை புத்தகத்தைப் பற்றியது இல்லை. அந்த மைதானம் ஒரு கல்லூரியுடையது. அந்தக் கல்லூரி வழியாக இந்த ஊருக்குப் பரவிய ஒரு விளையாட்டைப் பற்றியும், அதில் ஒரே ஒரு விதியைப் பற்றியும் எழுதப்போகிறேன்.

விதியின் பெயர் 'டிராவலிங்'. நாங்கள் படித்த காலத்தில் மைதானத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. "ஸ்டெப்ஸ்!" என்றுதான் கத்துவோம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குக்கு மேல் அடி வைத்தால் ஸ்டெப்ஸ். ஒருமுறை தட்டி நிறுத்திவிட்டு மறுபடியும் தட்டினால் டபுள். இந்த இரண்டு சொல்லும் தெரிந்தால் போதும், கூடைப்பந்தில் பாதி சண்டையை நடத்திவிடலாம்.

எனக்கும் இதில் ஒரு பழைய சண்டை இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

1988. மயிலாப்பூர் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் பள்ளிகளுக்கு இடையிலான ஆட்டம். சிமென்ட் தரை, மரப் பலகை போர்டு, ஒரு ரிங்கில் வலை உண்டு, மற்றதில் இல்லை. நாங்கள் ஒரு புள்ளி பின்னால். கடைசி சில விநாடிகள். ஓடிக்கொண்டே இருந்த எனக்கு வலது பக்கத்தில் பாஸ் வந்தது. பிடித்தேன், இடது கால், வலது கால், எம்பிப் போட்டேன். பந்து போர்டில் பட்டு உள்ளே விழுந்தது. நாங்கள் குதிக்க ஆரம்பித்த பிறகுதான் விசில் அடித்ததே காதில் விழுந்தது. நடுவர் இரண்டு முஷ்டியையும் நெஞ்சுக்கு முன்னால் சுற்றிக் காட்டினார். ஸ்டெப்ஸ். கூடை செல்லாது. தோற்றோம்.

நடுவர் வேறொரு பள்ளியின் பி.டி. சார். ஒல்லியான மனிதர், வெள்ளைக் கால்சட்டை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் விசில். நான் நேரே அவரிடம் போய், பத்துப் பேர் முன்னால், "காசு வாங்கிட்டு விசில் அடிக்கிறீங்களா சார்?" என்றேன். பதினாறு வயது. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "போடா, போய்த் தண்ணி குடி" என்றார். அவ்வளவுதான். எழுதிக் கொடுத்திருந்தால் அந்த வருஷம் முழுக்க நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். அவர் எழுதவில்லை.

அதற்குப் பிறகு லஸ் முனையில் அவரைச் சைக்கிளில் பார்த்தால் நான் எதிர்ப்பக்கம் கடந்துவிடுவேன். ஏமாற்றப்பட்டவன் நான்தான் என்று முப்பது வருஷத்துக்கு மேல் நம்பினேன். போன வருஷம் என் அக்கா பையன், அடையாறில் இருப்பவன், பள்ளி அணியில் ஆடுபவன், இந்தக் கதையைக் கேட்டுவிட்டு என்னை எழுந்து நின்று செய்துகாட்டச் சொன்னான். தி. நகர் வீட்டுக் கூடத்தில், சோபாவை ஒதுக்கிவிட்டு, செய்துகாட்டினேன்.

"மாமா, இது லீகல். பிடிக்கிறப்ப தரையில இருந்த கால் ஜீரோ ஸ்டெப். அப்புறம்தான் ஒண்ணு, ரெண்டு. அந்த ரெஃப்ரிக்கு ரூல் தெரியல."

அந்த நிமிஷம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அப்புறம் சந்தேகம் வந்தது. அவனுடைய விதி எந்த வருஷத்து விதி? தேட ஆரம்பித்தேன்.

பதின்மூன்று விதிகள், இரண்டு தாள்

விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பிறந்த தேதி கிடையாது. கபடியை யார் கண்டுபிடித்தார் என்று யாரையும் கேட்க முடியாது. கூடைப்பந்துக்கு ஆளும் உண்டு, இடமும் உண்டு, மாதமும் உண்டு. 1891 டிசம்பர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ஊர். அங்கே ஒய்.எம்.சி.ஏ. அமைப்பு தன் ஊழியர்களுக்கு நடத்திய பயிற்சிப் பள்ளி. ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், கனடாக்காரர். குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாது. உள்ளேயே உடற்பயிற்சி செய்து செய்து சலித்துப்போன 18 பேர் கொண்ட ஒரு வகுப்பு, யாருக்கும் அடங்காத வகுப்பு. பள்ளியின் உடற்பயிற்சித் துறைத் தலைவர் லூதர் குலிக், இவர்களுக்கு ஏதாவது புது ஆட்டம் கண்டுபிடியுங்கள் என்று நெய்ஸ்மித்துக்கு 14 நாள் கெடு கொடுத்தார்.

நெய்ஸ்மித் யோசித்த விதம்தான் முக்கியம். ரக்பி போன்ற ஆட்டங்களை உள்ளே ஆடினால் கை கால் உடையும். ஏன் உடைகிறது? ஒருவன் பந்தை வைத்துக்கொண்டு ஓடுகிறான், அவனை நிறுத்த வேண்டுமானால் கட்டிப்பிடித்து வீழ்த்த வேண்டியிருக்கிறது. அவன் ஓடவே கூடாது என்று வைத்துவிட்டால்? வீழ்த்த வேண்டிய அவசியமே இல்லை. இலக்கைத் தலைக்கு மேலே, படுக்கைவாட்டில் வைத்தால்? பந்தை வேகமாக அடித்து நுழைக்க முடியாது, வளைத்துத்தான் போட வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்தின் மாடிக் கைப்பிடி பத்தடி உயரத்தில் இருந்தது. பீச் பழக்கூடை இரண்டை அதில் ஆணி அடித்து மாட்டினார்கள். இன்றும் ரிங்கின் உயரம் அதே பத்தடி, அதாவது 3.05 மீட்டர்.

பக்கத்துக்கு ஒன்பது பேர். கால்பந்துதான் பந்து. முதல் ஆட்டத்தில் மொத்தமே ஒரு கூடை, 1-0. அந்த 13 விதிகள் தட்டச்சு செய்யப்பட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டன. அந்த இரண்டு தாள் 2010 டிசம்பரில் நியூயார்க் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்குப் போனது.

ஆனால் ஆட்டம் இவ்வளவு அமைதியாகத் தொடங்கியதா? 1939 ஜனவரியில், இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, நெய்ஸ்மித் ஒரு நியூயார்க் வானொலிப் பேட்டியில் வேறு மாதிரி சொல்கிறார். முதல் முயற்சியில் விதிகள் போதவில்லையாம். பையன்கள் உதைத்துக்கொண்டு, குத்திக்கொண்டு கூடத்தின் நடுவில் ஒரே குவியலாகிவிட்டார்கள். ஒருவன் மயங்கி விழுந்தான், இன்னொருவனுக்குத் தோள் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் பந்தோடு ஓடக்கூடாது என்பதைச் சேர்த்தேன், நான் போட்ட விதிகளில் அதுவே முக்கியமானது என்கிறார்.

அதாவது ஸ்டெப்ஸ் என்பது கால் கணக்கு பார்க்கும் அற்ப விதி இல்லை. ஆட்டமே அதன் மேல்தான் நிற்கிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அடிதடி.

13 விதிகளில் அது மூன்றாவது. பந்தைப் பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்று சொல்லிவிட்டு, நெய்ஸ்மித் ஒரு வால் சேர்த்திருக்கிறார்: நல்ல வேகத்தில் ஓடிக்கொண்டே பிடித்தவனுக்குக் கொஞ்சம் சலுகை கொடுக்கலாம். எவ்வளவு கொஞ்சம்? அதை அவர் சொல்லவில்லை. 1988-இல் மயிலாப்பூரில் நான் போட்ட சண்டை அந்தக் 'கொஞ்சத்தில்' இருக்கிறது.

சென்னைக்கு வந்த வழி

ஒய்.எம்.சி.ஏ. என்ற பெயர் ஸ்பிரிங்ஃபீல்டிலும் இருக்கிறது, நந்தனத்திலும் இருக்கிறது. அது தற்செயல் இல்லை. மதராஸ் ஒய்.எம்.சி.ஏ.வை டேவிட் மெக்கானகி என்ற அமெரிக்கர் தொடங்கியது 1890-இல். கணக்குப் போட்டால், கூடைப்பந்தைவிட மதராஸ் ஒய்.எம்.சி.ஏ. ஒரு வயது மூத்தது. உயர்நீதிமன்றத்துக்கு எதிரே, எஸ்பிளனேடில் நிற்கும் அந்தச் சிவப்புக் கட்டடம் அவர் காலத்தில் எழுந்தது.

ஆட்டம் இந்த நாட்டுக்கு வந்ததும் அதே அமைப்பின் ஆட்கள் வழியாகத்தான். ஆனால் ஒரு விளையாட்டு ஓர் ஊரில் வேர் பிடிக்க, பந்தைக் கொண்டுவந்தால் போதாது. விதி தெரிந்த ஆள் ஒவ்வொரு பள்ளியிலும் வேண்டும். அதைச் செய்தவர் ஹாரி குரோ பக். ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர். 1919-இல் மதராஸ் வந்தார், 1920-இல் உடற்கல்வி ஆசிரியர்களுக்கான கல்லூரியைத் தொடங்கினார். அது பிறகு சைதாப்பேட்டைப் பக்கம், அடையாற்றங்கரைக்கு இடம் மாறியது. ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று அதைச் சொல்வார்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை மேலாளராக அழைத்துப் போனவரும் இதே பக்தான். 1943-இல் இங்கேயே காலமானார்.

நெய்ஸ்மித் 1895-இலேயே ஸ்பிரிங்ஃபீல்டை விட்டுப் போய்விட்டதால், பக் அவரிடம் நேரடியாகப் படித்திருக்க முடியாது. ஆனாலும் அந்தப் பள்ளியில் உருவான ஆட்டம் அந்தப் பள்ளியில் படித்தவர் வழியாக இங்கே வந்து, இங்கே படித்தவர்கள் வழியாகப் பள்ளிப் பள்ளியாகப் போயிற்று. என் மீது விசில் அடித்தவரும் நந்தனத்தில் படித்தவர்தான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து கணக்குப் போட்டால் அந்த விசில் மூன்று நான்கு கை மாறி வந்திருக்கிறது.

தப்பு வேறு, குற்றம் வேறு

விதிகளின் வரலாற்றுக்குள் போகும் முன், ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். தமிழில் எல்லாவற்றையும் 'தவறு' என்று சொல்லிவிடுகிறோம். அதனால் ஒரு குழப்பம் வருகிறது. கூடைப்பந்தில் இரண்டு வகைத் தவறு உண்டு.

ஒன்று ஃபவுல். இன்னொரு ஆளுக்குச் செய்வது: தள்ளுவது, பிடிப்பது, கையில் அடிப்பது, வழியில் முட்டுவது. இது பெயரில் எழுதப்படும். ஐந்து சேர்ந்தால் வெளியே போக வேண்டும். எதிராளி கூடைக்குப் பந்து போடும்போது செய்தால் அவருக்கு ஃப்ரீ த்ரோ கிடைக்கும்.

மற்றது விதிமீறல். இது பந்தோடும் கோட்டோடும் கடிகாரத்தோடும் செய்யும் தவறு: ஸ்டெப்ஸ், டபுள், கோட்டுக்கு வெளியே போவது, காலால் பந்தை வேண்டுமென்றே உதைப்பது, நேரம் கடத்துவது. யார் பெயரிலும் எழுத மாட்டார்கள். பந்து மட்டும் எதிரணிக்குப் போகும், அவர்கள் கோட்டுக்கு வெளியே நின்று உள்ளே எறிவார்கள். அவ்வளவுதான் தண்டனை. 1891 விதியில் இந்தப் பிரிவு இல்லை, பந்தோடு ஓடுவதும் அப்போது ஃபவுல்தான். ஆனால் நடுவர்களின் வேலையில் பிரிவு உண்டு. 'ஆட்களைப் பார்க்க' ஒரு நடுவர், 'பந்தைப் பார்க்க' ஒரு நடுவர் என்று இரண்டு பேரை வைத்திருந்தார் நெய்ஸ்மித்.

ஸ்டெப்ஸுக்கு விசில் அடித்தவர் என்னைக் குற்றவாளி ஆக்கவில்லை. பந்தை மட்டும்தான் வாங்கினார். பதினாறு வயதில் அந்த வித்தியாசம் தெரியவில்லை.

ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு புத்திசாலி

தேடத் தேட ஒன்று புரிந்தது. விதிமீறல் பட்டியல் என்பது ஒரு வகையில் தந்திரக்காரர்களின் பட்டியல். யாரோ ஒருவர் இருந்த விதிக்குள்ளேயே ஓர் ஓட்டை கண்டுபிடிக்கிறார். ஆட்டம் கெடுகிறது. அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ அந்த ஓட்டைக்கு ஒரு புது விதி.

பந்தோடு ஓடக்கூடாது, சரி. ஆனால் பந்தைத் தரையில் போட்டு, எழும்பினதும் மறுபடி எடுத்தால்? அது ஓடுவது ஆகாதே! இப்படித்தான் டிரிபிள் பிறந்தது. 1890களில் யேல் பல்கலைக்கழக ஆட்டக்காரர்கள் அதை ஒரு கலையாகவே வளர்த்தார்கள் என்பார்கள். நெய்ஸ்மித்தின் 13 விதிகளில் டிரிபிள் என்ற சொல்லே கிடையாது. இன்று டிரிபிள் இல்லாத கூடைப்பந்தை நினைக்க முடியுமா? ஆனால் தட்டி, பிடித்து, மறுபடி தட்டி என்று போய்க்கொண்டே இருந்தால் அது ஓடுவதுதான். அதனால் டபுள் வந்தது.

உயரமான ஆள் ரிங்குக்குக் கீழேயே கூடாரம் போட்டு நின்றால்? மூன்று விநாடி விதி. கென்டக்கி பல்கலைக்கழகத்தின் லெராய் எட்வர்ட்ஸ் ஆடிய ஒரு முரட்டு ஆட்டம், 1935-இல் நியூயார்க்கில் நடந்தது, அதற்கு ஒரு காரணம் என்று சொல்வார்கள். முன்னிலையில் இருக்கும் அணி தன் பாதியிலேயே பந்தை உருட்டிக்கொண்டிருந்தால்? 1932-இல் அமெரிக்காவில் பத்து விநாடிக் கணக்கு வந்தது: அதற்குள் நடுக்கோட்டைக் கடக்க வேண்டும். சர்வதேச விதியில் 2000 முதல் அது எட்டு விநாடி.

கடந்த பிறகும் உருட்டினால்? 1950 நவம்பரில் ஃபோர்ட் வெய்ன் அணி, மினியாபொலிஸ் லேக்கர்ஸை 19-18 என்று வென்றது. பள்ளிப் பையன்கள் ஆட்டம் இல்லை, அமெரிக்காவின் உச்ச தொழில்முறை லீக். பார்க்க வந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். சிரக்யூஸ் அணி உரிமையாளர் டேனி பியசோன் ஒரு கணக்குப் போட்டார். ஆட்டம் 48 நிமிஷம், அதாவது 2,880 விநாடி. நல்ல ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து ஏறக்குறைய 120 முறை கூடைக்கு எறிகின்றன. வகுத்தால் 24. 1954 முதல் 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும். சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீபா 1956-இல் 30 விநாடி என்று வைத்துக்கொண்டு, 2000-இல்தான் 24-க்கு வந்தது.

சென்னையில் வளர்ந்து, இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை, 2000 முதல் 2017 வரை நாட்டுக்காக ஆடினார். இருபது நிமிஷப் பாதி இரண்டாக இருந்தது பத்து நிமிஷக் கால்பகுதி நான்காக மாறிய அதே வருஷம் அவருடைய தொடக்கம். மூன்று புள்ளிக் கோடு 6.25 மீட்டரிலிருந்து 6.75-க்குத் தள்ளிப்போனது நடுவில், 2010-இல். 2009 செப்டம்பரில் ஆசியப் பெண்கள் சாம்பியன்ஷிப் சென்னையில் நடந்தபோது பார்க்கப் போயிருந்தேன். ரிங்குக்குக் கீழே உள்ள கட்டம் அப்போது இன்னும் பாவாடை மாதிரி அடியில் விரிந்திருந்தது. அடுத்த வருஷம் அது செவ்வகமாகிவிட்டது. ஒரே ஆளின் ஆட்டக்காலத்துக்குள் தரையே மாறியிருக்கிறது.

லஸ் நடைபாதையில் ஒரு புத்தகம்

இதெல்லாம் சரி, 1988 மயிலாப்பூருக்கு எந்த விதி? அதற்கு விடை கொடுத்தது, பல வருஷம் முன்பு லஸ் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் வேறு ஏதோ வாங்கும்போது கூடவே வந்த ஓர் ஆங்கில விதிப் புத்தகம். உடற்கல்வி மாணவர்கள் வைத்திருக்கும் வகை. அட்டை இல்லை, முதல் சில பக்கங்கள் இல்லை, அதனால் வருஷமும் இல்லை. பரணில் கிடந்தது. அக்கா பையன் போன பிறகு ஏணி போட்டு எடுத்தேன்.

வருஷம் இல்லாத கல்வெட்டைப் படிப்பவர்கள் எழுத்தின் வடிவத்தைப் பார்த்துக் காலம் சொல்வார்கள் அல்லவா? விதிப் புத்தகத்துக்கும் அது பொருந்தும். 30 விநாடி விதி இருக்கிறது. ஆகவே 1956-க்கு முந்தியது இல்லை. விரிந்த கட்டத்தின் படம் இருக்கிறது, அதுவும் 1956-க்குப் பிந்தியது. மூன்று புள்ளிக் கோடு எங்குமே இல்லை. ஃபீபா அதைக் கொண்டுவந்தது 1984-இல். ஆகவே இந்த இரண்டு எல்லைக்குள் ஏதோ ஒரு வருஷம். எங்கள் பி.டி. சார்கள் படித்த காலம் அது.

ஸ்டெப்ஸ் பக்கத்தில் யாரோ பென்சிலால் பாதங்கள் வரைந்திருந்தார்கள். நடு இரவு படிப்புபோல, அழித்து அழித்து வரைந்த பாதங்கள். ஓடிக்கொண்டே பந்தைப் பிடிப்பவனுக்கு இரண்டு எண்ணிக்கை உண்டு என்கிறது அச்சிட்ட வரி. அடுத்த வரிதான் விஷயம்: பிடிக்கும்போதே ஒரு கால் தரையில் இருந்தால், அதுவே முதல் எண்ணிக்கை.

பென்சில் படத்தில் வலது பாதத்துக்குக் கீழே 1. இடது பாதம், 2. மறுபடி வலது பாதம், அதன் மேல் ஒரு பெருக்கல் குறி.

என்னுடைய அடி அதுதான். வலது கால் தரையில் இருக்கும்போது பிடித்தேன். இடது. மறுபடி வலது. எம்பினேன். அந்தப் பெருக்கல் குறியைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அச்சு வாசகம் பின்னால் மாறினாலும் சர்வதேச ஆட்டத்தில் இந்தக் கணக்கு மாறவில்லை, 2017 வரைக்கும். அந்த வருஷம் அக்டோபரிலிருந்துதான், ஓடிக்கொண்டே பிடிப்பவனுக்கு, பந்து கைக்கு வந்த பிறகு தரையில் படும் கால்தான் முதல் அடி என்று ஃபீபா மாற்றியது. அமெரிக்காவின் என்.பி.ஏ. 2009-இலேயே அந்த மாதிரி எழுதிவிட்டது. மயிலாப்பூர்க்காரர்களுக்கு ஒரே வரியில் சொல்லலாம்: தாளம் அப்படியே இருக்கிறது, எடுப்பு தள்ளிப்போயிருக்கிறது. இரண்டு அடி அன்றும் இரண்டு, இன்றும் இரண்டு. எங்கிருந்து எண்ண ஆரம்பிப்பது என்பது மட்டும் மாறியது. நெய்ஸ்மித் 1891-இல் அளவு சொல்லாமல் விட்ட அந்தச் சலுகைக்கு 126 வருஷம் கழித்து ஒரு கால் கூடியிருக்கிறது.

ஆக, அக்கா பையன் சொன்னது சரி, 2017-க்குப் பிறகு. நடுவர் அடித்த விசிலும் சரி, 1988-இல். அவருக்கு விதி தெரியவில்லை என்பது பொய். கடைசி விநாடியில், ஓட்டத்தில், என் கால் எப்போது தரையில் இருந்தது, பந்து எப்போது கைக்கு வந்தது என்பதை அவர் சரியாகப் பார்த்திருக்கிறார். ரீப்ளே கிடையாது. உதவிக்கு இன்னொரு நடுவர் கிடையாது. சுற்றிலும் எங்கள் பள்ளிப் பையன்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அடிக்காமல் விட்டிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்படியும் அடித்தார்.

அவரைப் பற்றி விசாரித்தேன். ஓய்வுபெற்றுப் பல வருஷம் ஆகி, காலமாகிவிட்டார். பெயரை இங்கே எழுதவில்லை. அவருக்குத் தெரிந்தவர்கள் படித்தால், அந்த "காசு வாங்கிட்டு" கதை அவர் பெயரோடு ஒட்டிக்கொள்ள வேண்டாம். பத்துப் பேர் முன்னால் சொன்னதைப் பத்துப் பேர் முன்னாலாவது திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்: சார், அது ஸ்டெப்ஸ்தான்.

அக்கா பையனிடம் பென்சில் படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்தான். "அப்போ இது தப்பா மாமா?" என்றான். "அப்போ தப்பு" என்றேன். "இப்போ நீ ஆடுற ரூலும் உன் பையன் காலத்துல மாறியிருக்கும்." அவனுக்கு அது பிடிக்கவில்லை. நம்முடைய காலத்து விதிதான் விதி என்று தோன்றும் வயது.

இந்த ஜனவரியில் புத்தகக் காட்சி முடிந்து வெளியே வரும்போது பந்து தட்டும் சத்தம் கேட்டுக் கல்லூரிப் பக்கம் எட்டிப் பார்த்தேன். மாணவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் விசிலோடு ஓரத்தில் நின்றான். நாளைக்கு ஏதோ ஒரு பள்ளியில் பி.டி. சார் ஆகப்போகிறவன். விசில் அடித்து, முஷ்டி இரண்டையும் நெஞ்சுக்கு முன்னால் சுற்றினான். பந்து வைத்திருந்தவன் கையை விரித்துக்கொண்டு அவனிடம் வந்தான். எனக்கு அங்கிருந்து கால் சரியாகத் தெரியவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த தடவை எண்ணிப் பார்க்கலாம் என்று கொஞ்ச நேரம் நின்றேன்.